பதிவேட்டில் தரிசு, மலையில் புல்வெளி

மூக்கடைப்பு, தலைபாரம் என்றால் நம் வீடுகளில் முதலில் தேடுவது நீலகிரித் தைலத்தைத்தான். கைக்குட்டையில் இரண்டு சொட்டு, ஆவி பிடிக்க வெந்நீரில் நாலு சொட்டு. பெயரிலேயே நீலகிரி இருப்பதால், அந்த மரம் ஆதிகாலம் தொட்டு அந்த மலையில் வளர்ந்தது என்றே நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அதன் சொந்த ஊர் ஆஸ்திரேலியாவின் தென்கிழக்குக் கோடியும், அதற்குக் கீழே உள்ள தாஸ்மேனியாத் தீவும். நீலகிரிக்கு அது வந்து இருநூறு வருஷம்கூட ஆகவில்லை. ஊட்டிக்காரர்கள் அதைக் கற்பூர மரம் என்பார்கள், சமவெளியில் தைல மரம் என்போம். அதோடு கூடவே வந்தது வாட்டில் என்னும் மரம். மஞ்சள் பூப்பந்துகளோடு நிற்கும் அதை மலைவாசிகள் சீகை மரம் என்கிறார்கள். அதுவும் ஆஸ்திரேலியக் குடிதான்.

இவை எப்படி வந்தன, வந்து என்ன செய்தன, அதை ஆராய்ச்சியாளர்கள் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதைத்தான் இன்றைக்கு எழுத நினைக்கிறேன். ஊட்டிக்கும் நம் புதுச்சேரிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க வேண்டாம். இந்தக் கதையில் நம்மூர் அடிக்கடி தலைகாட்டும்.

முதலில், அந்த மரங்கள் வருவதற்கு முன்னால் நீலகிரியின் உச்சி எப்படி இருந்தது என்று பார்ப்போம். சுமார் ஆறாயிரம் அடிக்கு மேலே மலை அலை அலையாக விரியும். அலைகளின் மடிப்புகளில், ஓடை ஓடும் பள்ளங்களில், குட்டையான அடர்ந்த காடு. அதற்குப் பெயர் சோலை. மடிப்புகளுக்கு வெளியே, சரிவுகளிலும் முகடுகளிலும் மரமே இல்லாத புல்வெளி. சோலை முடியும் இடமும் புல் தொடங்கும் இடமும் கத்தியால் வெட்டினாற்போல் இருக்கும். தோடர்களின் எருமைகள் மேய்ந்ததும் வரையாடு திரிந்ததும் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குறிஞ்சி பூத்ததும் அந்தப் புல்வெளியில்தான். மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்துக்கொண்டு, கோடையிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஓடைக்கு விட்டுக்கொடுத்ததில் சோலைக்கு எவ்வளவு பங்கோ, அவ்வளவு பங்கு புல்லுக்கும் உண்டு.

ஒரு வேடிக்கை பாருங்கள். சோலை என்ற நம் தமிழ்ச் சொல்லை உலகத் தாவரவியலார் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். பிரெஞ்சு நூலிலும் ஆங்கில நூலிலும் அது சோலைதான். ஆனால் பக்கத்திலேயே இருந்த புல்வெளிக்கு அப்படி ஒரு தனிப்பெயர் அமையவில்லை. பெயர் இல்லாததைக் கணக்கில் சேர்க்க யாருக்குத் தோன்றும்?

இந்த மலையை முதன்முதலில் தாவரவியல் கண்ணோடு பார்த்த ஐரோப்பியர்களில் ஒருவர் புதுச்சேரியிலிருந்து போனவர். லெஷெனோ த லா தூர் என்பது அவர் பெயர். பிரெஞ்சு அரசு அனுப்பிய இயற்கை ஆய்வாளர். 1816இல் நம்மூருக்கு வந்து ஆறு ஆண்டுகள் போலத் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் செடிகொடிகளைத் திரட்டினார். கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரியில் ஏறிய அதே 1819ஆம் ஆண்டில் லெஷெனோவும் அங்கே போனார். உடம்பு சரியில்லாமல் இருந்தவர், மலைக்காற்றில் தேறினார் என்று குறிப்புகள் சொல்கின்றன. அவர் சேகரித்த செடிகளில் சிலவற்றுக்குப் பிற்காலத்தில் அவர் பெயரையே இட்டார்கள். இன்றும் சோலை ஓரங்களில் வெள்ளையாகப் பூத்து நிற்கும் ஒரு காசித்தும்பை இனத்தின் அறிவியல் பெயரில் லெஷெனோ இருக்கிறார்.

இந்த மனிதரின் முன்கதை இன்னும் சுவாரசியமானது. இந்தியாவுக்கு வருவதற்கு முன், 1800இல் பிரான்சிலிருந்து புறப்பட்ட போதேன் என்ற கப்பல் தலைவரின் பயணத்தில் தாவரவியலாளராக ஆஸ்திரேலியக் கரைகளைச் சுற்றியவர் அவர். அதாவது சீகையும் கற்பூர மரமும் தம் சொந்த மண்ணில் நிற்பதைக் கண்ட கண்கள், அவை வருவதற்கு முந்தைய நீலகிரியையும் கண்டிருக்கின்றன. அந்தக் கற்பூர மரத்துக்கு யூகலிப்டஸ் குளோபுலஸ் என்று பெயரிட்டு உலகுக்கு அறிவித்தவரும் ஒரு பிரெஞ்சுக்காரர்தான். லாபியார்தியேர் என்பவர் 1792இல் தாஸ்மேனியாவில் அதைச் சேகரித்து, 1800இல் நூலில் வெளியிட்டார்.

லெஷெனோவுக்குப் பின் பெர்ரொத்தே. 1826இல் தொடங்கிய நம் தாவரவியல் பூங்காவை வளர்த்தவர். 1870இல் புதுச்சேரியிலேயே காலமானார். 1830களில் அவரும் நீலகிரிக்குப் போய் மாதிரிகள் திரட்டினார். அந்தக் காலத்தில் புதுச்சேரி கவர்னராக இருந்த மார்க்கி த சேன் சிமோன், ஊட்டிக்கு அருகில் கேத்தியில் இருந்த பழைய அரசுப் பண்ணை வீட்டைச் சில காலம் வைத்திருந்தார். அங்கே கவனிப்பாரற்றுக் கிடந்த தேயிலைச் செடிகளைப் பெர்ரொத்தே பார்த்து, இந்த மண்ணில் தேயிலை நன்றாக வரும் என்று எழுதினார். ஆக, அந்நியச் செடிகளை மலைக்கு அழைத்த பாவத்திலோ புண்ணியத்திலோ நம்மூருக்கும் சிறு பங்கு உண்டு.

இவர்கள் உலர்த்தித் தாளில் ஒட்டி வைத்த செடிகளை ஏன் பெரிதாகச் சொல்கிறேன் என்றால், அவற்றில் இடமும் காலமும் குறித்திருக்கும். அரசு அலுவலகத்தில் ஆயுளைக் கழித்தவனுக்கு ஒன்று நன்றாகத் தெரியும்: தேதி இல்லாத காகிதம் கோப்பில் இருந்தும் இல்லாதது மாதிரிதான். ஒரு காட்டில் எது உள்ளூர்ச் செடி, எது வந்தேறி என்று தீர்மானிக்க வேண்டுமானால், வந்தேறி வருவதற்கு முன்னால் அங்கே என்ன இருந்தது என்பதற்குத் தேதியிட்ட சாட்சி வேண்டும். அந்தச் சாட்சி இந்த உலர்ந்த இலைகளில் இருக்கிறது.

இனி ஆங்கிலேயர் கதைக்கு வருவோம். சல்லிவன் ஊட்டியில் வீடு கட்டினார், ஏரி வெட்டினார். பின்னாலேயே படை வீரர்களும் அதிகாரிகளும் அவர்கள் குடும்பங்களும் வந்து சேர்ந்தார்கள். குளிர் தாங்க ஒவ்வொரு வீட்டிலும் கணப்பு எரிந்தது. விறகு எங்கிருந்து வரும்? சோலையிலிருந்து. சோலை மரங்கள் மிக மெதுவாக வளர்பவை. வெட்டினால் அந்தத் தலைமுறையில் திரும்ப வளராது. ஊட்டியைச் சுற்றிச் சோலைகள் தேய ஆரம்பித்ததும், வேகமாக வளரும் மரம் வேண்டும் என்று தேடினார்கள். அப்படி 1840களில் வந்தவைதான் ஆஸ்திரேலிய மரங்கள். யூகலிப்டஸ் வந்த ஆண்டு 1843 என்று சொல்வார்கள். 1848இல் மெக்ஐவர் என்ற தோட்டக்கலை வல்லுநரின் பொறுப்பில் ஊட்டி தாவரவியல் பூங்கா உருவானது. 1860களில் அரசே தோட்டம் போட்டு மரம் வளர்க்கத் தொடங்கியது.

நியாயமாகச் சொன்னால், மரம் நட்டவர்களின் நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது. சோலையைக் காப்பாற்றத்தான் சீகையையும் கற்பூர மரத்தையும் நட்டார்கள். விறகுக்கு இவை, சோலைக்கு விடுதலை என்பது கணக்கு. கணக்கில் ஒரு பாதி சரியாகத்தான் வந்தது. மறுபாதியில்தான் கோளாறு. மரங்களை எங்கே நட்டார்கள்? காலியாகக் கிடந்த இடத்தில். காலியாகக் கிடந்த இடம் எது? புல்வெளி.

நான் சொல்ல வருவதன் மையம் இதுதான். வருவாய்த் துறைப் பதிவேடுகளில் ஒரு நிலத்துக்கு எந்தத் தலைப்பு இடுகிறோமோ, அதுவே அந்த நிலத்தின் தலைவிதி. நஞ்சை என்றால் ஒரு விதி, புஞ்சை என்றால் ஒரு விதி, புறம்போக்கு என்றால் வேறு விதி. உழவும் இல்லை, மரமும் இல்லை, தீர்வையும் இல்லை என்றால் அது தரிசு. பிரெஞ்சிலும் இதற்கு ஒரு சொல் உண்டு, ஃபிரிஷ் என்பார்கள். பயிரிடாமல் விட்ட நிலம் என்று பொருள். இரண்டு மொழிகளிலும் இந்தச் சொற்களுக்குள் ஒரு குற்றச்சாட்டு ஒளிந்திருக்கிறது: இந்த நிலம் சும்மா கிடக்கிறது, யாராவது ஏதாவது செய்யுங்கள். தோடர்களுக்கு அது மேய்ச்சல் நிலம். அவர்களுடைய மந்துகளும் கோயில்களும் அங்கேயே இருந்தன. அவர்களுக்கு அந்த மண்ணில் முழு உரிமை உண்டு என்று சல்லிவனே வாதாடியிருக்கிறார். ஆனால் மேலிடத்தில் அவர் பேச்சு எடுபடவில்லை. பதிவேட்டின் கண்ணுக்கு அது தரிசாகவே இருந்தது.

வெள்ளைக்காரன் போனதும் இது மாறியதா என்றால், இல்லை. உண்மையில் பெரிய அளவில் மரம் நட்டது நாம்தான். ஐந்தாண்டுத் திட்டங்களின் காலத்தை நம் வயதினர் மறந்திருக்க மாட்டார்கள். அந்நியச் செலாவணியை மிச்சப்படுத்து என்பது அன்றைய மந்திரம். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் பதனிடும் தொட்டிகளுக்கு வேண்டிய பட்டைச் சாறு தென்னாப்பிரிக்கா போன்ற நாடுகளிலிருந்து இறக்குமதியானது. அந்தச் சாறு சீகைப் பட்டையிலிருந்து எடுப்பது. அதை இங்கேயே வளர்த்தால் என்ன? சிறுமுகையில் மரக்கூழிலிருந்து செயற்கைப் பட்டு நூல் எடுக்கும் ஆலை வந்தது. அதற்கும் மரம் வேண்டும். 1950களிலிருந்து நீலகிரியிலும் பழனி மலையிலும் புல்வெளி மேல் புல்வெளியாகச் சீகையும் கற்பூர மரமும் பைனும் ஏறின. நோக்கம் நல்லது, திட்டம் நல்லது, கோப்பும் ஒழுங்காகத்தான் இருந்திருக்கும். தரிசை வனமாக்கினோம் என்று ஆண்டறிக்கையில் எழுதினால் யார்தான் ஆட்சேபிப்பார்கள்?

ஆட்சேபிக்க வேண்டுமானால் ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தாக வேண்டும். அந்தப் புல்வெளி இயற்கையானதா, அல்லது மனிதன் காட்டை அழித்ததால் உண்டானதா? காட்டை எரித்ததால் வந்த புல் என்றால், அங்கே மரம் நடுவது பரிகாரம். ஆதியிலிருந்தே புல் என்றால், மரம் நடுவதே அழிவு. இந்தக் கேள்வி 1938இலேயே எழுந்துவிட்டது. அந்த ஆண்டில் வனத்துறை இதழில் இரண்டு கட்டுரைகள் வந்தன. சி. ஆர். ரங்கநாதன் என்ற வன அதிகாரி, புல்வெளி இயற்கையானதே என்றார். பனிக்காலத்தில் திறந்த வெளியில் உறைபனி கொட்டும். சோலை மரக் கன்றுகள் அதில் கருகிவிடும், புல் மட்டும் தாங்கும். ஆகவே சோலை சோலையாகவும் புல் புல்லாகவும் நிலைத்திருக்கின்றன என்பது அவர் வாதம். போர் என்ற அயர்லாந்துத் தாவரவியலாளர் அதை மறுத்து, தீயும் மேய்ச்சலும்தான் புல்வெளியை உண்டாக்கின என்றார். வழக்கு அரை நூற்றாண்டு நடந்தது.

இந்த வழக்கில் புதுச்சேரியும் சாட்சிக் கூண்டில் ஏறியது. 1954இல் ஆட்சி கைமாறியதற்கு அடுத்த ஆண்டு, 1955இல், கடற்கரைக்கு அருகே சேன் லூயி வீதியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் திறக்கப்பட்டது. முதல் இயக்குநர் ழான் பிலியோசா. சமஸ்கிருதமும் தமிழும் ஆராயும் இடம் என்றுதான் நம்மில் பலருக்கு அதைத் தெரியும். சைவ ஆகமச் சுவடிகளைத் திரட்டியது அதுதான். ஆனால் ஒரு பகுதியில் பண்டிதர்கள் சுவடி படித்துக்கொண்டிருந்தபோது, இன்னொரு பகுதியில் தாவர வரைபடம் தயாரானது. தூலூஸ் நகரத்துப் பேராசிரியர் கோசேன் வகுத்த முறைப்படி, லெக்ரி, மெஹர்-ஹோம்ஜி முதலியவர்கள் தென்னிந்தியா முழுவதையும் சுற்றி, மழை எவ்வளவு, வறண்ட மாதங்கள் எத்தனை, மண் எது, மரம் எது என்று பார்த்து வண்ண வண்ணத் தாள்களில் பதித்தார்கள். 1960கள் முதல் அவை வெளிவந்தன. 1971இல் பிளாஸ்கோ என்ற ஆய்வாளர் தென்னிந்திய மலைகளைப் பற்றிப் பிரெஞ்சில் ஒரு நூல் எழுதினார். அதன் தலைப்பிலேயே காடுகளும் புல்வெளிகளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். புல்லையும் காட்டுக்குச் சமமாக வைத்து ஆராய வேண்டும் என்பதை அந்தத் தலைப்பே சொல்லிவிடுகிறது.

நிறுவனத்தில் இன்னொரு சிறு ஆய்வகமும் இருந்தது, மகரந்தத்துக்கென்று. சீகை மரம் சேர்ந்த குடும்பத்தின் மகரந்தத்தை ஆராய்ந்து கினே என்ற பிரெஞ்சுக்காரர் பெரிய நூல் எழுதினார். பிறகு அந்த ஆய்வகத்துக்குத் தலைமை தாங்கியவர் தணிகைமணி. 1986 செப்டம்பரில் கராச்சியில் கடத்தப்பட்ட பான் ஆம் விமானத்தில் உயிரிழந்தவர்களில் அவரும் ஒருவர். நம்மூர்ப் பெரியவர்கள் பலருக்கு அந்தச் செய்தி வந்த நாள் நினைவிருக்கும். மகரந்தம் கண்ணுக்குத் தெரியாத தூசி. ஆனால் ஒவ்வொரு செடிக்கும் அது வேறு வேறு வடிவம், எளிதில் மக்கவும் மக்காது. சதுப்பு நிலத்தில் ஆண்டாண்டாகப் படியும் சேற்றில் எந்த ஆழத்தில் எந்த மகரந்தம் இருக்கிறது என்று பார்த்தால், எந்தக் காலத்தில் அங்கே என்ன வளர்ந்தது என்று படித்துவிடலாம். மலையே எழுதி வைத்த பதிவேடு அது. யாரும் திருத்த முடியாது.

அந்தப் பதிவேட்டை வேறொரு வழியில் படித்துத்தான் வழக்குக்கு ஏறக்குறைய முடிவு கட்டினார்கள். மரங்களும் வெப்பமண்டலப் புற்களும் காற்றிலிருந்து கரியை எடுக்கும் முறை வேறு. அந்த வேறுபாடு மக்கிய பிறகும் கரியணுவின் எடைக் கணக்கில் தங்கியிருக்கும். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ராமன் சுகுமாரும் கூட்டாளிகளும் நீலகிரிச் சதுப்புகளின் கரிச்சேற்றை அடுக்கடுக்காக எடுத்துச் சோதித்து, 1993இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு வரை போகிறது அந்தப் பதிவு. வறண்ட காலங்களில் புல் பரவியதும் ஈரமான காலங்களில் மரம் பெருகியதும் அதில் மாறி மாறித் தெரிகின்றன. யாரும் கோடாரியோடு மலையேறிக் காடு திருத்துவதற்கு வெகு காலம் முன்பே அங்கே புல் இருந்தது. ரங்கநாதன் சொன்னது நின்றது.

இதற்குள் தண்ணீர்க் கணக்கும் ஒன்று நடந்துகொண்டிருந்தது. ஊட்டியில் உள்ள மத்திய மண், நீர் பாதுகாப்பு ஆராய்ச்சி மையத்தார், கிளன்மார்கன் பகுதியில் அருகருகே இருந்த இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளைத் தேர்ந்தார்கள். ஒவ்வொன்றும் சுமார் 32 ஹெக்டேர். 1968 முதல் சில ஆண்டுகள் இரண்டிலிருந்தும் ஓடும் நீரை அளந்து ஒப்பிட்டார்கள். பிறகு 1972இல் ஒன்றில் மட்டும், பரப்பில் 59 சதவீதத்தில், கற்பூர மரம் நட்டார்கள். மற்றதைப் புல்லும் சோலையுமாக அப்படியே விட்டார்கள். பத்தாண்டு முடிவில் மரம் நட்ட பக்கத்திலிருந்து வரும் நீர் ஆண்டுக்குச் சராசரியாக 16 சதவீதம் குறைந்திருந்தது. மரத்தை வெட்டி, அடிக்கட்டையிலிருந்து தழைத்த இரண்டாம் சுற்றில் குறைவு சுமார் 25 சதவீதம். கீழே பைக்காராவிலும் குந்தாவிலும் அணை கட்டி மின்சாரம் எடுக்கிறோம். மேலே அதே நீரைக் குடிக்கும் மரத்தையும் நாமே நட்டோம். இரண்டும் வேறு வேறு துறைகளின் கோப்பு. ஒரு கோப்பு இன்னொன்றைப் பார்க்காது என்பது நமக்குத் தெரியாததா!

சீகையின் குணம் இன்னும் வேறு. கற்பூர மரம் பெரும்பாலும் நட்ட இடத்தில் நிற்கும். சீகை நிற்காது, நடந்து போகும். அதன் விதைக்கு மேலோடு கெட்டி, மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உறங்கும். தீ வைத்தால் ஓடு வெடித்து ஆயிரக்கணக்கில் முளைக்கும். மரத்தை வெட்டினால், வெயில் பட்டு அப்போதும் முளைக்கும். வேரில் உள்ள முடிச்சுகளால் மண்ணில் தழைச்சத்தைக் கூட்டிவிடும். நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் ஏழை மண்ணில் வாழப் பழகிய மலைப்புல்லுக்கு அது ஒத்துவராது, புல் தோற்றுப் போகும். பழனி மலையில் மட்டும் நாற்பது ஆண்டுகளில் மூன்றில் இரண்டு பங்கு புல்வெளி போய்விட்டது என்று செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வாளர்கள் 2018இல் எழுதினார்கள். சோலைகள் பெருமளவு தப்பித்தன. அழிந்தது, பெயரில்லாத புல்.

ஆராய்ச்சியாளர்கள் இதில் ஒரு வேறுபாட்டைக் கவனமாகச் சொல்கிறார்கள். அதை நாமும் பிடித்துக்கொள்வது நல்லது. வெளியூரிலிருந்து வந்த செடி எல்லாம் எதிரி அல்ல. மிளகாய் வெளியூர், உருளைக்கிழங்கு வெளியூர், தேயிலை வெளியூர். நம் கடற்கரை ஊர்களில் சவுக்கும் முந்திரியும் வெளியூர்தான். இவை நட்ட இடத்தில் நின்று, நமக்குச் சோறும் போடுகின்றன. வந்தது வேறு, ஆக்கிரமித்தது வேறு. வேலி தாண்டித் தானாகப் பெருகி, அங்கே ஏற்கனவே இருந்ததை வெளியேற்றுகிறதா என்பதே கேள்வி. வேலிக்காத்தான் செடியைப் பார்த்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நீலகிரியிலேயே கீழே முதுமலைப் பக்கம் உண்ணிச்செடியும் மஞ்சள் கொன்றையும் அதைத்தான் செய்கின்றன. அழகுக்காகவும் வேலிக்காகவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை, யானையும் மானும் மேயும் புல்லை மூடிவிட்டன.

ஆளைத் துல்லியமாகத் தெரியாமல் வழக்குப் போட முடியாது என்பதற்கும் சீகையே உதாரணம். இன்று அதற்கு வழங்கும் அறிவியல் பெயர் 1925இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த ஒரு தாவரவியலாளர் இட்டது. அவர் ஆதாரமாக வைத்த மாதிரி எங்கே எடுத்தது தெரியுமா? கென்யாவில். அங்கேயும் அது குடியேறிய மரம்தான். ஆஸ்திரேலியாவில் பிறந்து, ஆப்பிரிக்காவில் பெயர் பெற்று, நம் மலையில் ஊன்றிய மரம்!

இப்போது நிலைமை என்ன? 1988ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை, உள்ளூர்த் தாவரங்களுக்கும் சுற்றுச்சூழலுக்கும் கெடுதல் இல்லை என்று நீண்டகாலச் சோதனையில் தெரியாமல் அந்நிய மரங்களைப் புகுத்தக் கூடாது என்றது. நீலகிரியில் புதிதாக நடுவது ஏறக்குறைய அந்தக் காலத்தோடு நின்றது. நட்டது நின்றதே தவிர, பரவியது நிற்கவில்லை. பிறகு உயர் நீதிமன்றத்தில் வழக்குகள் வந்தன, அகற்றச் சொல்லி உத்தரவுகள் வந்தன. 2022இல் தமிழ்நாடு அரசு ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டது. முதுமலையில் மஞ்சள் கொன்றையை வெட்டிக் காகித ஆலைக்கு அனுப்பும் வேலை நடக்கிறது.

ஆனால் எல்லாச் சீகையையும் நாளைக்கே வெட்டிவிடுங்கள் என்று சொல்வதும் அறிவல்ல. வெட்டிய இடத்தில் உறங்கிய விதை எழும். ஆண்டுக்கு ஆண்டு கன்றுகளைப் பிடுங்க ஆள் இல்லாவிட்டால், முன்பைவிட அடர்த்தியாகிவிடும். மலைக் கிராமத்து ஏழைக்கு அதுதான் அடுப்பெரிக்கும் விறகு. இன்னொரு புதுச் செய்தியும் உண்டு. பழனி மலையில் பழைய சீகைத் தோட்டங்களின் நிழலில் சோலை மரக் கன்றுகள் தாமாக முளைத்து வருவதைக் கண்டிருக்கிறார்கள். பனியிலிருந்து அவற்றுக்கு அந்நிய மரமே குடை பிடிக்கிறது. அப்படிப்பட்ட இடத்தைச் சோலையாக விடுவதா, புல்லாக மீட்பதா? இதற்கு ஒரே அரசாணையில் விடை கிடையாது. இடத்துக்கு இடம் போய்ப் பார்த்து, முன்பு அங்கே என்ன இருந்தது என்று தெரிந்து முடிவு செய்ய வேண்டும்.

அங்கேதான் அந்த உலர்ந்த இலைகளும் வண்ண வரைபடங்களும் திரும்பவும் வேலைக்கு வருகின்றன. சேன் லூயி வீதியில் உள்ள அந்தக் கட்டடத்தில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட தாவர மாதிரிகள் இருக்கின்றன. நாம் மாலையில் கடற்காற்று வாங்கப் போகும்போது கடந்து போகிற இடம். மலையில் ஒரு சரிவை மீட்க நினைக்கும் ஒருவர், எதை மீட்பது என்று தெரிந்துகொள்ள இம்மாதிரி ஆவணங்களைத்தான் புரட்ட வேண்டும். தோடர் முதியவர்களின் நினைவும் அப்படி ஓர் ஆவணமே. கோயிலுக்குக் கூரை வேய எந்தப் புல் வேண்டும், அது எந்தச் சரிவில் கிடைத்தது என்று அவர்களுக்குத் தெரியும். இப்போது அந்தப் புல்லைத் தேடி வெகு தூரம் போக வேண்டியிருக்கிறது. தேடத் தெரிந்தவர்களும் குறைந்துகொண்டு வருகிறார்கள்.

எனவே அந்நிய மரத்தை வைவதைவிட, நம் பதிவேட்டைத் திருத்துவது முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது. சீகை தானாகக் கப்பலேறி வரவில்லை. புல்வெளியைத் தரிசு என்று எழுதிய கைதான் அதற்குக் கதவைத் திறந்தது. அந்தச் சொல் இருக்கும்வரை, சீகை போனால் வேறொரு மரமோ தோட்டமோ கட்டடமோ அதே இடத்துக்கு வந்து நிற்கும்.

பிள்ளைகள், பேரப்பிள்ளைகளோடு இனி ஊட்டிக்குப் போகிறவர்கள், பூங்காவையும் ஏரியையும் பார்த்த பிறகு, அனுமதி உள்ள வழியில் அவலாஞ்சிப் பக்கம் ஒரு நாள் போய் வாருங்கள். முக்குர்த்தி மலைகளின் சாயலில் மிச்சமிருக்கும் புல்வெளி கண்ணில் படும். முதலில் அங்கே ஒன்றுமே இல்லை என்றுதான் தோன்றும். கொஞ்சம் குனிந்து பாருங்கள். விரல்நகம் அளவுப் பூக்கள், பெயர் தெரியாத பத்துப் பதினைந்து வகைப் புல், அடியில் ஈரம். பேரக்குழந்தை அது என்ன என்று கேட்டால், தரிசு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.